சலைன் என்று எழுதிய பாட்டில்

துறையில் இனித் தட்டு ஊற்ற ஆள் வேண்டாமாம். கிருமி வளர்க்கும் தட்டுகள் ஊற்றி, ஆறவைத்து, மூடி, பிஸ்கட் பாக்கெட் மாதிரி பத்துப் பத்தாக வந்து இறங்குகின்றனவாம். நான் வேலையை விட்டபின் என் இடத்துக்கு வந்த சுமதி போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, கல்லூரி ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டாள். நான் மனம் உடைந்து போவேன் என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். எனக்கு என்ன வருத்தம்? கொதித்து இறங்கிய கடற்பாசி அகார் பாகைக் கையில் பிடித்துக்கொண்டு நாளுக்கு நூறு தட்டு ஊற்றியவளுக்குத்தான் அந்தப் பாக்கெட்டின் அருமை தெரியும். கண்டுபிடித்தவர் கை நன்றாக இருக்கட்டும்.

எழுதச் சொன்னதால் ஒப்புக்கொண்டேன். பேசச் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேன். கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள் நான். அம்மா மீன் கூடையோடு தெருவில் நுழைந்தால் மூன்றாவது தெருவில் பூனைகள் எழுந்து உட்காரும். அந்தத் தொண்டையில் கால்வாசிகூட எனக்கு வரவில்லை. கல்யாணமாகி வண்டலூருக்கு வந்த பிறகு, பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, பெருங்களத்தூர் வரை போய் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். ஒரு முறை இரண்டு முறை அல்ல. வீட்டில் கேட்டால் காற்றாட நடந்து வந்ததாகச் சொல்லுவேன்.

படிப்பு பத்தாம் வகுப்பு. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிர்த் துறை மீடியா அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். மீடியா என்றால் பத்திரிகை இல்லை. கிருமிகளுக்கான சமையல். எனக்கு முன்னால் வந்த பெண் அந்த அறையின் நாற்றம் தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. நான் நின்றுகொண்டிருந்தேன். வத்சலா மேடம், அவர்தான் துறைத் தலைவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு நாத்தம் அடிக்கலையா?"

கருவாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் என்று சொல்ல நினைத்துத் தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற வேலை.

கற்றுக்கொண்டதெல்லாம் மூன்று மாதத்தில். பொடியை நிறுத்துக் கரைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கரில் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் வேகவைக்க வேண்டும். சர்க்கரை சேர்ந்தது என்றால் பத்துப் பவுண்டு போதும், இல்லாவிட்டால் கருகி மஞ்சளாகும். குடுவையைக் கன்னத்தில் வைத்தால் பொறுக்கிற சூட்டில் ஊற்ற வேண்டும். ஆறிய தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இவ்வளவுதான். மீதி வருஷங்கள் எல்லாம் இதையே திரும்பத் திரும்பச் செய்ததுதான்.

வத்சலா மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பச்சை மை பேனா, இருநூறு பக்க நோட்டு, இரண்டும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. திட்ட மாட்டார். ஏதாவது தப்பு நடந்து நாம் காரணம் சொல்ல வாயெடுத்தால் கையை உயர்த்தி, "சொல்லாதே, செஞ்சு காட்டு" என்பார். ஒரு சோதனையின் முடிவு புரியாமல் போனால், அந்த நாளை முழுவதும் நாங்கள் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். கதவைத் திறந்ததிலிருந்து. தும்மியிருந்தால் அதே இடத்தில் தும்ம வேண்டும். மேடம் பின்னாலேயே வந்து எழுதிக்கொள்வார். மூத்த டெக்னீஷியன் ஏகாம்பரம் சார் இதற்கு மறு ஒளிபரப்பு என்று பெயர் வைத்திருந்தார். அவருக்குக் கீழ்க்கட்டளையில் அப்பா காலத்து நெல் வயல் எல்லாம் இப்போது கடைகளாக நிற்கின்றன. வேலைக்கு வந்தது பேச்சுத் துணைக்கு. நான் பதில் பேசாததால் அவருக்கு என்மேல் குறை. "உங்க ஊரு ஜூல கீற சிங்கங்கூட உன்னைவிட ஜாஸ்தி பேசும்மா" என்பார்.

மேடத்தின் இன்னொரு விதி சுவரில் பலகையாகவே தொங்கியது. உள்ளே சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. பையில் முறுக்கு வைத்துக் கடித்த ஒரு தற்காலிக ஊழியர் அந்த வாரமே நூலகத்துக்கு மாற்றப்பட்டார். அடுத்த புதுப்பிப்புக் கடிதம் அவருக்கு வரவில்லை. எங்கள் துறையில் அது முறுக்குக் கேஸ் என்று வழங்கப்பட்டது.

நான் மாட்டிய முதல் மறு ஒளிபரப்பு ஈரல் விஷயம். மருந்துச் சோதனைக்கான அகார் பொடி ஒரு முறை வந்து சேரவில்லை. மேடம் பழைய புத்தகத்தைப் பார்த்து, கொழுப்பில்லாத கறியைச் சாறு எடுத்து நாமே செய்வோம் என்றார். வண்டலூர்க் கறிக்கடையில் அரைக் கிலோ வாங்கினேன். கடைக்காரர் வழக்கம்போல ஒரு துண்டு ஈரலைக் கொசுறாகப் போட்டார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. சேர்த்தே வேகவைத்தேன்.

தட்டில் கிருமியைத் தடவி, மருந்து நனைத்த காகிதப் பொட்டுகளை வைத்தால், மருந்து வேலை செய்கிற பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக வெறுமை விழும். விடுதி மாணவர்களின் சிறுநீரிலிருந்து வந்த கிருமிகள் அவை. போன வாரம் வரை கோட்ரைமாக்சசோல் என்ற மருந்தின் பொட்டைச் சுற்றி நல்ல வளையம் விழுந்துகொண்டிருந்தது. என் கறிச்சாறுத் தட்டில் ஒன்றில்கூட வளையம் இல்லை. விடுதியே ஒரே ராத்திரியில் மருந்துக்கு அடங்காமல் போய்விட்டது போலிருந்தது. மேடம் ரிப்போர்ட்டை வெளியே விடவில்லை. "செஞ்சு காட்டு" என்றார்.

செய்து காட்டுவது என்றால் கறிக்கடையிலிருந்து. நான் முன்னால் பை பிடித்துப் போக, மேடம் நோட்டைத் திறந்தபடி பின்னால் வந்தார். கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாக்கா, கறி வாங்கறதுக்குக் கூடவா இன்ஸ்பெக்டர் போட்டுட்டாங்க?"

நான் பேசாமல் அரைக் கிலோ என்று விரலால் காட்டினேன். அவர் நிறுத்துப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் ஈரலை வெட்டி மேலே வைத்தார். மேடத்தின் பேனா நின்றது. அந்தத் துண்டை மட்டும் தனியாக நிறுக்கச் சொன்னார். ஈரல், கொசுறு என்று தலைப்பிட்டு எடையை எழுதிக்கொண்டார்.

ஈரல் இல்லாமல் ஊற்றிய தட்டில் வளையம் திரும்பி வந்தது. மேடம் என்னை நிற்கவைத்து விளக்கினார். கிருமி பெருக வேண்டுமானால் தன் மரபுச் சரத்தைப் படியெடுக்க வேண்டும். அதற்குத் தைமிடின் என்று ஒரு சாமான் தேவை. வழக்கமாகத் தானே செய்துகொள்ளும். இந்த மருந்து செய்வது, அந்தச் சமையல்கட்டைப் பூட்டுவதுதான். ஈரலில் தைமிடின் ஏராளம்.

"நீ ஹோட்டல்லேர்ந்து பார்சல் வரவழைச்சுக் குடுத்திருக்கே. பார்சல் வர்ற வீட்டுல சமையல்கட்டு பூட்டியிருந்தா என்ன, திறந்திருந்தா என்ன?"

பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்த முதல் பாடம் அது. மருந்து ஒரு கை என்றால், கிருமி என்ன தின்கிறது என்பது இன்னொரு கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை.

இனி கயல்விழி. பல்லாவரத்துப் பெண், மேடத்திடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. அவள் ஆராய்ந்தது தூங்குமூஞ்சிக் கிருமிகளை. ஒரு கூட்டத்துக்கு ஜென்டாமைசின் மருந்தைப் போட்டால் பெரும்பாலானவை செத்துவிடும். பட்டினி கிடந்து சுருண்டு தூங்குகிற சில மட்டும் சாகாது. மருந்து போனதும் எழுந்து மறுபடி குடும்பம் நடத்தும். "தூங்கறவன் வாயில எப்படிக்கா மருந்து ஊத்தறது?" என்பாள். அவள் ஒவ்வொரு வாரமும் அந்தத் தூங்குமூஞ்சிகளைச் சலைனில், அதாவது நான் செய்து வைக்கும் உப்புத் தண்ணீரில், மிதக்கவிட்டு மருந்து சேர்த்து, நாலு மணி நேரம் கழித்துத் தட்டில் தடவுவாள். மறுநாள் தட்டு முழுக்கக் கடுகு தெளித்த மாதிரி முளைத்திருக்கும். இரண்டு வருஷமாகக் கடுகுதான்.

அந்த மே மாதம் எனக்கு அடிக்கடி தலை சுற்றியது. குக்கர் பக்கத்திலேயே நிற்கிற வேலை. தாம்பரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை நாள் முழுக்கக் குடிக்கச் சொன்னார். உள்ளே குடித்தால் முறுக்குக் கேஸ். கேன்டீனுக்குப் போனால் நூறு மாணவர்களுக்கு நடுவில் தனியாக உட்கார வேண்டும். அதைவிட மயங்கி விழுவதே மரியாதை என்று பட்டது.

ஆகவே ஒரு வழி செய்தேன். திங்கட்கிழமை சலைன் தயாரிக்கும்போது, அரை லிட்டர் பாட்டில் ஐந்தில் பாதி சலைனும் பாதி காய்ச்சி வடித்த தண்ணீரும் ஊற்றினேன். மளிகைக் கடை குளுக்கோஸ் பொடியைப் பாட்டிலுக்கு இரண்டு ஸ்பூன் போட்டேன். தண்ணீரில் என்னென்ன நீந்தும் என்று தெரிந்தவள் ஆதலால் அதையும் குக்கரில் ஏற்றிப் பத்துப் பவுண்டில் வேகவைத்தேன். வேறு யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றிலும் சலைன் என்று எழுதினேன். அடையாளத்துக்கு மூடியில் ஒரு பேனாப் புள்ளி. அலமாரியில் பின்வரிசை. நாளுக்கு ஒன்று, குக்கருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து குடிப்பேன். உலகத்திலேயே சுத்தமான குளுக்கோஸ் தண்ணீர் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை கயல் கத்திய கத்தலில் ஏகாம்பரம் சார் கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டார். புதன்கிழமை தடவிய தட்டுகள் எல்லாம் வெறுமை. ஒரு கடுகு இல்லை. தூங்குமூஞ்சிகள் மொத்தமும் செத்திருந்தன. மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நோட்டில் "மறுபடியும் செய்" என்று மட்டும் எழுதினார். கயலுக்கு அதுவரை பொறுக்கவில்லை. அவளைச் சோதிக்க வரவிருந்த மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் அன்றே அதைச் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

மறுபடியும் செய்தாள். கடுகு. அடுத்த வாரமும் கடுகு. அதற்கடுத்த வாரமும். நடைவழியில் பேச்சு தொடங்கிவிட்டது. கிருமியையே போடாமல் தட்டு ஊற்றியிருப்பாள் என்றார்கள். ஊக்கத்தொகை நீட்டிப்புக்காகக் கதை கட்டினாள் என்றார்கள். குழுவும் அப்படி நினைத்தால் அவளை ஆராய்ச்சியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். கயல் பேசுவதை நிறுத்தினாள். எங்கள் அறையில் இரண்டு ஊமைகள் ஆனோம்.

ஒரு நாள் அவள் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் முன் விரித்தாள். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி. சலைன் லேசான மஞ்சள்.

"அக்கா, அன்னைக்கு உப்பு ஏதாவது மாத்துனீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். உப்பை நான் மாற்றவில்லை, உண்மைதான். ஆனால் பத்துப் பவுண்டிலும் குளுக்கோஸ் லேசாக மஞ்சளிக்கும். அந்த வாரம் எனக்கு ஒரு பாட்டில் குறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு குடித்திருப்பேன் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசை தீர்ந்து அவள் பின்வரிசையில் கைவிட்டிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் என் வேலை போகும், அவள் ஆராய்ச்சி பிழைக்கும். இரண்டையும் காப்பாற்ற எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. சர்க்கரைதானே விஷயம்? குளுக்கோஸ் பாக்கெட் தீர்ந்திருந்தது. ஏகாம்பரம் சார் அலுவலக அறையில் டீக்காக வைத்திருந்த டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் சீனியை எடுத்து, கயல் அடுத்து எடுக்கப்போகும் சலைனில் கலந்து, வேகவைத்து, முன்வரிசையில் வைத்தேன். அவள் அதைத்தான் எடுத்தாள். மறுநாள் விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன்.

கடுகு.

அதைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. அப்படியானால் காரணம் நான் இல்லை, வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். நிம்மதி சாயங்காலம் வரைதான் தாங்கியது. சாமான்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போவதற்காகக் கயல் அட்டைப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். நானே தேடிக் கொடுத்தேன்.

குழு வந்தது. கனத்த உடம்புடைய பெரியவர் ஒருவர், கைவிசிறியோடு ஒல்லியான அம்மா ஒருவர். கயல் அச்சடித்த தாள்களோடு எழுந்தாள். மேடம் கையை உயர்த்தினார்.

"சொல்ல வேண்டாம். அந்த வாரத்தைத் திங்கட்கிழமையிலேர்ந்து இவங்க செஞ்சு காட்டுவாங்க. நீங்க உட்கார்ந்து பாருங்க."

மறு ஒளிபரப்பு ஏகாம்பரம் சாரிலிருந்து தொடங்கியது. அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், கண்ணாடி முன் நின்று நிதானமாகத் தலை சீவினார். பெரியவர் மேடத்தைப் பார்த்தார். "அன்னிக்கும் சீவினேன் சார், உள்ளதை உள்ளபடி செய்யணும்ல" என்றார் ஏகாம்பரம் சார். பிறகு கடை வாடகைக்காரரோடு போனில் சண்டை போட்டதையும், எதிர்முனையில் ஆள் இல்லாமலே போட்டுக் காட்டினார்.

அடுத்து நான். உப்பை நிறுத்தேன், கரைத்தேன், பாட்டில்களில் ஊற்றினேன், குக்கரை மூடினேன். ஐந்து பேரின் கண்ணும் என் கைமேல் இருந்தது. மேடம் பக்கத்தைத் திருப்பப் போனார்.

"அவ்வளவுதானே தனம்?"

ஒரு தலையாட்டல் போதும். தலையாட்டுவதில் எனக்குத் துறையிலேயே போட்டி கிடையாது. கயல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டைப் பெட்டி அவள் மேஜைக்கடியில் இருந்தது.

தலை ஆடவில்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் பைக்குப் போனேன். முந்தின நாள் வாங்கிய புதுக் குளுக்கோஸ் பாக்கெட் உள்ளே இருந்தது. ஒரு பாட்டிலில் பாதி சலைன், பாதி தண்ணீர். பாக்கெட்டைப் பிரித்து இரண்டு ஸ்பூன் போட்டேன். சலைன் என்று எழுதினேன், மூடியில் புள்ளி வைத்தேன், குக்கரில் ஏற்றி இறக்குவதை மட்டும் கையால் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் மேடத்தின் வழக்கம் எனக்குத் தெரியும், உள்ளதை உள்ளபடி. குக்கருக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, பாட்டிலைத் தூக்கிக் குடித்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தொண்டைக்குள் இறங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. கால் பாட்டில் குடிக்க அன்று ஒரு யுகம் ஆயிற்று.

மேடம் பேனா மூடியைக் கழற்றினார்.

"எத்தனை ஸ்பூன்?"

"ரெண்டு மேடம்."

"தலை தட்டியா, குவிச்சா?"

"குவிச்சு."

எழுதிக்கொண்டார். "எதுக்குச் சலைன்னு எழுதினே?"

"வேற யாரும் எடுத்துக் குடிச்சிடக் கூடாதுன்னு மேடம்."

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் சுகர் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் கேட்டிருப்பேன் என்றார். கயல் ஓடிவந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று பயந்து சுவரோடு ஒட்டினேன். அவள் பாட்டிலைத்தான் பார்த்தாள்.

"அக்கா, இதே மாதிரி அஞ்சு பாட்டில் வேணும். இப்பவே."

மறுநாள் தட்டு வெறுமை. அதற்கு அடுத்த வாரமும் வெறுமை. கயல் மறுபடி பேச ஆரம்பித்தாள். பட்டினியில் தூங்குகிற கிருமிக்கு மோட்டார் நின்றிருக்கும். ஜென்டாமைசினை உள்ளே இழுக்க மோட்டார் ஓட வேண்டும். குளுக்கோஸ் கிடைத்ததும் மோட்டார் ஓடுகிறது, மருந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாகிறது. ஆசையாகச் சாப்பிட எழுந்ததுதான் அதற்கு வினை. சீனி விஷயத்தையும் அவளிடம் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வைத்திருந்த கிருமிக்கு நம் வீட்டுச் சீனியை உடைத்துத் தின்னத் தெரியாதாம். பிறகு அவளே முறையாகச் செய்து பார்த்து, ஆய்வேட்டில் சீனிக்கும் ஒரு வரிசை போட்டாள். என் திருட்டுத்தனம் அட்டவணையில் ஏறி உட்கார்ந்தது. மேடம் என்னை அந்த ஸ்பூனால் பத்துத் தடவை குவித்து அள்ளச் சொல்லி, ஒவ்வொன்றையும் நிறுத்துச் சராசரி எடுத்தார். தனத்தின் ஸ்பூன் என்று நோட்டில் அதற்குத் தனிப் பக்கம்.

கயலுக்கு நீட்டிப்பு வந்தது. பட்டமும் வாங்கினாள். எனக்கும் புதுப்பிப்புக் கடிதம் வந்தது. கூடவே தண்டனையும் வந்தது. உள்ளே குடித்ததை மேடம் மன்னிக்கவில்லை. தினமும் பதினொரு மணிக்கு நான் வெளியே வந்து, நடைவழி பெஞ்சில் எல்லார் முன்னிலையிலும் உட்கார்ந்து என் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போக வேண்டும். பாட்டிலில் பச்சை மையில் அவரே எழுதி ஒட்டினார். குளுக்கோஸ் தண்ணீர், தனத்துடையது.

பதினொரு மணி என்பது வகுப்பு மாறுகிற நேரம். முதல் நாள் ஒரு பட்டாளமே என்னைக் கடந்து போனது. தரையைப் பார்த்துக் குடித்தேன். ஒரு பையன் நின்று பாட்டிலைக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, இன்னா ஜூஸ் இது?"

"குளுக்கோஸ்" என்றேன்.

பின்னால் யாரோ காதில் விழவில்லை என்றார்கள். அப்போது எனக்குள் எங்கிருந்தோ அம்மா எழுந்து வந்தாள். "குளுக்கோஸுப்பா" என்றேன். நடைவழிக் கடைசியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வண்டலூர் வந்ததும் நான் எழுந்து நின்று, "இறங்கணும்" என்றேன். தொண்டை இன்னும் பதினொரு மணியிலேயே இருந்திருக்கிறது. டிரைவர் பதறிப்போய் பிரேக் அடித்தார். கண்டக்டர் காதைத் தேய்த்துக்கொண்டே விசில் அடித்தார்.

"ஸ்டாப்பிங்லதாம்மா நிக்கப் போறோம். அதுக்கு ஏன்மா இந்தக் கத்து கத்தற?"

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கூச்சமாக இருந்தது. பேசாமல் இறங்கிவிட்டேன்.